வயதும் முழங்கால் தேய்மானமும் நடையை எப்படி மாற்றுகின்றன: பார்த்து, அளந்து, சரிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

என் பெரியம்மாவுக்கு 68 வயது. சென்ற ஆண்டு அவருடைய பழைய ரப்பர் செருப்புகளைத் தூக்கிப் போட எடுத்தபோது, இடது செருப்பின் குதிகால் பகுதி ஓரளவு சமமாகத் தேய்ந்திருக்க, வலது செருப்பு மட்டும் வெளி ஓரத்தில் தாள் போல மெலிந்திருந்ததைக் கவனித்தேன். "வயசாச்சு, நடை தளர்ந்துடுச்சு" என்று அவர் சொல்லிவந்த காரணம் அந்தச் செருப்போடு ஒத்துப்போகவில்லை. வயது இரண்டு காலுக்கும் ஒரே அளவில்தானே ஏறும்?

முதியவர்களின் நடையில் இரண்டு வெவ்வேறு மாற்றங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. ஒன்று வயதால் தசையிலும் நரம்பிலும் வருவது. மற்றொன்று முழங்கால் மூட்டுத் தேய்மானத்தால் எலும்பின் சாய்விலும் சுமையிலும் வருவது. வீட்டில் நாம் இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம். தேய்மானத்தை வயதென்று விட்டுவிடுகிறோம், அல்லது வயதால் வந்த தளர்ச்சியைத் தேய்மானம் என்று அஞ்சி நடையையே நிறுத்திவிடுகிறோம். இரண்டையும் பிரித்துப் பார்க்கவும், எதற்கு என்ன செய்வது என்று முடிவெடுக்கவும் இந்த வழிகாட்டி உதவும்.

படி 1: இயல்பான நடையை முதலில் மனத்தில் பதியுங்கள்

ஒரு காலின் குதிகால் தரையைத் தொடுவதிலிருந்து அதே குதிகால் மறுபடியும் தரையைத் தொடுவது வரை உள்ளது ஒரு நடைச் சுழற்சி. அது ஏறக்குறைய ஒரு நொடியில் முடிகிறது. அந்த நொடியில் சுமார் 60 சதவீதம் கால் தரையில் ஊன்றியிருக்கிறது; மீதி 40 சதவீதம் காற்றில் முன்னோக்கி வீசுகிறது. இரண்டு பாதங்களும் சேர்ந்து தரையில் இருக்கும் நேரம் மொத்தத்தில் 20 சதவீதம்தான். மற்ற நேரமெல்லாம் நாம் ஒற்றைக் காலில் நிற்பவர்கள். முழங்காலில் தொல்லை உள்ளவருக்கு நடை ஏன் கடினமாகிறது என்பதற்கு இந்த ஒரு கணக்கே பாதி விடை.

இந்தச் சுழற்சியில் முழங்கால் இருமுறை மடங்கி இருமுறை நீள்கிறது. குதிகால் பதியும்போது அது ஏறக்குறைய நேராக இருக்கிறது. உடல் எடை அதன்மேல் இறங்கும் கணத்தில் 15 முதல் 20 பாகை வரை சற்று மடங்கி, தொடையின் முன்தசை அந்த மடக்கத்தை இழுத்துப் பிடிக்க, வண்டியின் ஷாக் அப்சார்பர் போல அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. பிறகு மீண்டும் நேராகிறது. கால் காற்றில் வீசும்போது 60 பாகை அளவுக்கு மடங்குவதால்தான் பாதம் தரையில் உரசாமல் கடந்துபோகிறது. உடலை முன்னே தள்ளும் வேலையில் பெரும்பங்கு கெண்டைக்கால் தசையுடையது. பின்கால் தரையை விட்டு எழுவதற்குச் சற்றுமுன் அது கொடுக்கும் உந்துதல்தான் நடையின் இயந்திரம். உடல்நலமுள்ள நடுவயதினர் நொடிக்கு 1.2 முதல் 1.4 மீட்டர் வேகத்தில், நிமிடத்துக்கு 100 முதல் 120 அடிகள் வைத்து நடக்கிறார்கள்.

படி 2: வயது மட்டும் செய்யும் மாற்றங்களைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள்

மூட்டில் எந்த நோயும் இல்லாத முதியவரின் நடையும் மாறத்தான் செய்கிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் டேவிட் விண்டர் குழுவினர் 1990-இல் வெளியிட்ட ஆய்வு, நல்ல உடல்நலமுள்ள முதியவர்களை மட்டுமே எடுத்துக்கொண்டு இளையவர்களோடு ஒப்பிட்டது. முதியவர்களின் அடி குறுகியிருந்தது, இரு பாதங்களும் தரையில் இருக்கும் நேரம் கூடியிருந்தது, பின்காலின் உந்துதல் தளர்ந்திருந்தது, பாதம் தட்டையாகத் தரையில் இறங்கியது. நிமிடத்துக்கு வைக்கும் அடிகளின் எண்ணிக்கை பெரிதாகக் குறைவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். வேகம் குறைவது பெரும்பாலும் அடியின் நீளம் குறைவதால்தான்.

இதன் மூலம் கணுக்காலில் இருக்கிறது. வயதோடு தசை இழைகளில் முதலில் மெலிபவை வேகமாகச் சுருங்கும் வகை. கெண்டைக்கால் கொடுக்க வேண்டிய அந்தக் கண நேர உந்துதலுக்கு அவையே தேவை. கணுக்கால் விட்டுக்கொடுத்த வேலையை இடுப்பு எடுத்துக்கொள்கிறது. டீவிட்டா, ஹோர்தோபாகி ஆகியோர் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே வேகத்தில் நடக்கவைத்தபோதும் முதியவர்கள் கணுக்காலையும் முழங்காலையும் குறைவாகவும், இடுப்புத் தசைகளை மிக அதிகமாகவும் பயன்படுத்தினார்கள். பின்காலின் கணுக்காலால் தள்ளுவதற்குப் பதிலாக, ஊன்றிய காலின் இடுப்புத் தசைகளால் உடலை முன்னே இழுத்து நடக்கிறார்கள் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். மதியம் கடைக்குப் போய்வந்த தாத்தா முழங்காலைச் சொல்லாமல் "இடுப்பு விட்டுப்போச்சு" என்று உட்காருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீசும் காலின் விரல் நுனிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி இளையவர்களுக்கே ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர்தான். ஆகவே மிதியடியின் மடிந்த ஓரமே தடுக்கிவிழப் போதுமானது. இந்த மாற்றங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் அடையாளம் உண்டு: அவை இரு காலிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும்.

படி 3: தேய்மானத்தின் இயக்கவியலைப் புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியில் சற்று நிதானமாக நிற்க வேண்டும். மற்றவையெல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

முழங்காலின் மேல் எவ்வளவு சுமை இறங்குகிறது என்பதை நேரடியாகவே அளந்திருக்கிறார்கள். பெர்லினின் சாரிட்டே மருத்துவமனையில், செயற்கை மூட்டுக்குள்ளேயே அளவுக்கருவியைப் பொருத்தி ஐந்து பேரிடம் எடுத்த அளவுகள் 2010-இல் வெளியாயின. சமதரையில் நடக்கும்போது உடல் எடையைப்போல் சுமார் 2.6 மடங்கு, மாடிப்படி ஏறும்போது 3.2 மடங்கு, இறங்கும்போது 3.5 மடங்கு. எடை ஒரு மடங்குதான் என்றாலும், மூட்டை நிலைப்படுத்த இறுகும் தசைகளின் விசையும் மூட்டின்மேல்தான் ஏறுகிறது.

அந்தச் சுமை மூட்டில் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. ஒற்றைக் காலில் நிற்கும்போது தரை நம்மை மேல்நோக்கித் தள்ளும் எதிர்விசை, பாதத்திலிருந்து கிளம்பி உடலின் நிறைமையத்தை நோக்கிச் செல்கிறது. வழியில் அது முழங்காலின் நடுவைத் தொடாமல், அதன் உட்புறமாகக் கடக்கிறது. இந்த விலகலால் முழங்காலை வெளிப்புறமாக வளைக்கப் பார்க்கும் ஒரு திருப்புத்திறன் (விசையை விலகல் தூரத்தால் பெருக்கிய அளவு) உண்டாகி, மூட்டின் உட்பகுதி நெரிபடுகிறது. மொத்தச் சுமையில் 60 முதல் 70 சதவீதம் வரை உட்பகுதிக்கே போவது இயல்பான நடையிலும் உண்டு. முழங்கால் தேய்மானம் உட்பக்கத்தில் அதிகம் தென்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 70 கிலோ எடையுள்ளவரின் தரை எதிர்விசை சுமார் 700 நியூட்டன். அந்த விசைக்கோடு முழங்கால் நடுவிலிருந்து 4 சென்டிமீட்டர் விலகியிருந்தால் திருப்புத்திறன் 28 நியூட்டன் மீட்டர். உட்புறக் குருத்தெலும்பு தேய்ந்து கால் வில்லாக வளைந்து, விலகல் 6 சென்டிமீட்டர் ஆனால் அது 42. உடல் எடை ஒரு கிராம் கூடாமலேயே வளைக்கும் திருப்புத்திறன் ஒன்றரை மடங்காகிவிட்டது. தேய்மானம் வளைவைக் கூட்ட, வளைவு சுமையைக் கூட்ட, சுமை மேலும் தேய்க்கிறது. ஜப்பானில் தேய்மான நோயாளிகளை ஆறு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2002-இல் வெளியான ஆய்வு, தொடக்கத்தில் இந்தத் திருப்புத்திறன் அதிகமாக இருந்தவர்களுக்கே நோய் பெரிதும் முற்றியதைக் காட்டியது.

உடல் இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதில்லை. தனக்குத் தெரிந்த வழிகளில் சமாளிக்கிறது. வலிக்கும் காலில் ஊன்றும்போது மேலுடலை அந்தப் பக்கமாகவே சாய்த்து, விசைக்கோட்டை முழங்காலுக்கு அருகே கொண்டுவருகிறது. பாதத்தை வெளிப்புறம் திருப்பி வைக்கிறது. தொடையின் முன், பின் தசைகளை ஒருசேர இறுக்கி, குதிகால் பதிந்தபின் வர வேண்டிய அந்த 15 பாகை மடக்கத்தையே தவிர்த்து, காலைக் கட்டைபோல் விறைப்பாக ஊன்றுகிறது. கடைசி வழிக்கு இரட்டை விலை உண்டு. அதிர்ச்சி வாங்கும் ஏற்பாடு போய்விடுகிறது. இறுகிய தசைகளின் விசையும் மூட்டை நசுக்குகிறது. மூட்டில் நீர் கோத்திருந்தால் தொடைத் தசைக்கு நரம்பு அனுப்பும் கட்டளையே மட்டுப்படுவதால், பயிற்சி செய்தும் தசை தேறாமல் போவதுண்டு.

படி 4: கைபேசியில் பதிவுசெய்து பாருங்கள்

வெறும் கண்ணால் நடையை மதிப்பிடுவது கடினம். ஆறேழு மீட்டர் நீளமான நடைக்கூடம் அல்லது மொட்டைமாடி போதும். சேலையையோ வேட்டியையோ முழங்கால் தெரியும்படி உயர்த்திக் கட்டச் சொல்லுங்கள். கைபேசியை இடுப்பளவு உயரத்தில் அசையாமல் வைத்து, முன்னிருந்து ஒருமுறை, பின்னிருந்து ஒருமுறை, பக்கவாட்டில் இருபுறமும் ஒவ்வொருமுறை பதிவுசெய்து, மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். முதல் நடையைக் கணக்கில் எடுக்க வேண்டாம். படம் எடுக்கிறார்கள் என்றால் எல்லோரும் நிமிர்ந்து நடப்பார்கள். மூன்றாவது நான்காவது நடையில்தான் உண்மை வெளிவரும்.

முன்னிருந்து பார்க்கும்போது, பாதம் பதிந்து எடை ஏறும் அந்தக் கணத்தில் முழங்கால் வெளிப்புறமாகச் சட்டென்று வெட்டி, மீண்டும் உள்ளே வருகிறதா என்று கவனியுங்கள். பெரியம்மாவின் பதிவில் வேகத்தைக் கால்பங்காகக் குறைத்தபோது, வலது முழங்கால் ஒவ்வொரு அடியிலும் இப்படி வெளியே துள்ளுவது தெளிவாகத் தெரிந்தது; செருப்பின் வெளி ஓரம் தேய்ந்ததற்கு விளக்கம் அங்கே கிடைத்தது. குதிகாலின் வெளிப்பின் ஓரம் கொஞ்சம் தேய்வது எல்லோருக்கும் இயல்பு என்பதால், செருப்பை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது. இந்தத் துள்ளல் உள்ளவர்களுக்குத் தேய்மானம் விரைந்து முற்றும் வாய்ப்பு அதிகம். ஆகவே இதைப் பதிவோடு மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

மேலுடல் ஒருபுறம் சாய்ந்தால் அவசரப்பட்டு முழங்காலைக் குற்றம் சொல்ல வேண்டாம். இடுப்பின் பக்கவாட்டுத் தசை தளர்ந்தாலும் அதே சாய்வு வரும். சுவரைத் தொட்டபடி, சாயும் பக்கத்துக் காலில் மட்டும் நிற்கச் சொல்லி, எதிர்ப்பக்க இடுப்பு கீழே இறங்குகிறதா என்று பின்னிருந்து பாருங்கள். இறங்கினால் இடுப்புத் தசைக்கும் அதில் பங்குண்டு.

பக்கவாட்டுப் பதிவில் இரண்டைத் தேடுங்கள்: குதிகால் பதிந்தபின் முழங்கால் மடங்குகிறதா, பின்கால் தரையைத் தள்ளி எழுகிறதா அல்லது அப்படியே தூக்கப்படுகிறதா. மடக்கம் ஒரு காலில் மட்டும் காணாமல் போயிருந்தால் தேய்மானத்தையும், உந்துதல் இரு காலிலும் தளர்ந்திருந்தால் வயதையும் முதலில் சந்தேகிக்கலாம்.

படி 5: மூன்று அளவுகளை எழுதிவையுங்கள்

முதலாவது வேகம். தரையில் 4 மீட்டருக்குச் சாக்பீஸால் இரண்டு கோடுகள் போட்டு, முதல் கோட்டுக்கு இரண்டடி முன்பிருந்தே வழக்கமான வேகத்தில் நடக்கத் தொடங்கச் சொல்லி, கோடுகளுக்கிடையே ஆகும் நேரத்தை அளந்து, 4-ஐ அந்த நேரத்தால் வகுக்க வேண்டும். தசைக்குறைவை மதிப்பிடும் ஐரோப்பிய நிபுணர் குழு நொடிக்கு 0.8 மீட்டரையும், ஆசியக் குழு 2019-இல் 1.0 மீட்டரையும் கவலைக்குரிய எல்லைகளாக வைத்தன. பெரியம்மாவுக்கு 5.4 நொடி ஆனது, அதாவது 0.74.

இரண்டாவது, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்துமுறை எழுந்து உட்கார ஆகும் நேரம். ஆசியக் குழுவின் அளவுகோலில் 12 நொடி அல்லது அதற்கு மேலானால் தளர்ச்சி. மூன்றாவது, சமமான தரையில் மல்லாந்து படுத்துக் காலை நீட்டும்போது முழங்காலின் பின்புறம் தரையைத் தொடுகிறதா, கை நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கிறதா என்று இரு காலையும் ஒப்பிடுவது. கால் முழுதும் நீளாவிட்டால், நிற்கும் ஒவ்வொரு நொடியும் தொடைத் தசை ஓய்வின்றி உழைக்க வேண்டியிருக்கும். சும்மா நின்றாலே அசந்துபோகிறவர்களிடம் இதைத்தான் நான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

படி 6: எதை மாற்றுவது என்று முடிவெடுங்கள்

முதலில் ஓர் எச்சரிக்கை. சாய்ந்து நடப்பவரிடம் "நேரா நட" என்று சொல்வதில் பயனில்லை. அந்தச் சாய்வு முழங்காலைக் காக்கிறது. அது செய்யும் வேலையை வேறொன்றிடம் ஒப்படைத்தபிறகே அதை நீக்க முடியும். கைத்தடி அப்படிப்பட்ட ஒன்று. வலது முழங்கால் வலிப்பதால் பெரியம்மா தடியை வலது கையில்தான் பிடித்திருந்தார், பலரும் செய்வதுபோலவே. தடி எதிர்க்கையில் இருக்க வேண்டும். வலிக்கும் கால் ஊன்றும் அதே நேரத்தில் எதிர்ப்பக்கத்தில் தடியும் ஊன்றும்போது, முழங்காலை வளைக்கும் திருப்புத்திறன் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவதாக ஆய்வகத்தில் அளந்திருக்கிறார்கள். கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது மணிக்கட்டின் மடிப்பு வரை தடியின் உயரம் இருந்தால் சரி. "தடி பிடிச்சா கிழவி மாதிரி இருக்கும்" என்ற மறுப்பு வரும். அதற்கு என்னிடம் மருத்துவ விடை இல்லை. மாலை நடைக்கு மட்டும் என்று தொடங்கினால் பிறகு தானாகப் பழகிவிடும்.

உடல் எடை கூடுதலாக இருந்தால் அதைக் குறைப்பதற்கு இணையான வழி வேறில்லை. அமெரிக்காவில் 2005-இல் வெளியான மெஸ்ஸியர் குழுவின் ஆய்வில், எடை ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை சுமார் 4 கிலோ குறைந்தது. 60 சென்டிமீட்டர் அடி வைக்கும் ஒருவர் ஒரு கிலோமீட்டர் நடக்கையில் ஒரு காலுக்கு எண்ணூறுக்கு மேற்பட்ட ஊன்றல்கள் வருகின்றன. ஐந்து கிலோ குறைத்தவரின் முழங்கால் அந்தத் தூரத்துக்குள் 16 டன் சுமையை மிச்சம் பிடிக்கிறது.

தசைப் பயிற்சியில் எனக்கு முதலில் வியப்பளித்த செய்தி ஒன்று உண்டு. மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் நடந்து 2010-இல் வெளியான சோதனையில், இடுப்புத் தசைப் பயிற்சி செய்தவர்களுக்கு வலி குறைந்தது, நடமாட்டம் தேறியது. ஆனால் முழங்காலின் திருப்புத்திறன் மாறவில்லை. சுமையைக் குறைப்பதும் வலியைக் குறைப்பதும் ஒன்றல்ல என்பதை இங்கே மனத்தில் வைக்க வேண்டும். காலணி விஷயத்திலும் இதே கதைதான். வெறுங்காலும் மெல்லிய வளையும் செருப்பும் கனமான ஷூவைவிடத் திருப்புத்திறனைக் குறைக்கின்றன. ஆனால் 2021-இல் வெளியான மற்றொரு மெல்போர்ன் சோதனையில், உறுதியான தாங்கலுள்ள ஷூ அணிந்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது. வெளிப்புறம் உயர்ந்த ஆப்பு வடிவ உள்ளட்டைகள் சுமையைச் சற்றுக் குறைத்தாலும், சமமான உள்ளட்டைகளோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் வலியைக் குறைத்ததாகத் தெரியவில்லை. ஆகவே அவற்றுக்குப் பெரும்பணம் செலவிடுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

எந்தப் பயிற்சி என்பதை நான்காம் படியில் கண்டதே தீர்மானிக்கும். உந்துதல் தளர்ந்திருந்தால், சமையல் மேடையைப் பிடித்தபடி குதிகால்களை உயர்த்தி மெதுவாக இறக்குவது. வயது பறித்ததைத் திரும்பப் பெற இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. முழங்கால் மடக்கம் தவிர்க்கப்பட்டால், நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி ஐந்து நொடி நிறுத்துவதும், நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதும். கால் முழுதும் நீளாவிட்டால், குதிகாலின்கீழ் சுருட்டிய துண்டை வைத்து முழங்காலைக் கீழ்நோக்கி அழுத்திப் பிடிப்பது. ஒவ்வொன்றும் பத்துப் பத்து முறை, வாரத்தில் மூன்று நாட்களுக்குக் குறையாமல். பயிற்சியின்போது சிறிது வலிப்பதில் தவறில்லை. மறுநாள் காலையிலும் கூடுதல் வலியோ வீக்கமோ நீடித்தால் அளவைக் குறைக்க வேண்டும்.

பாதத்தை உள்நோக்கியோ வெளிநோக்கியோ திருப்பி நடக்கப் பழக்குவதும் ஒரு சிகிச்சையாக வளர்ந்துவருகிறது. ஒவ்வொருவருக்கும் ஏற்ற கோணத்தை ஆய்வகத்தில் கண்டறிந்து, 5 அல்லது 10 பாகை திருப்பி நடக்கப் பயிற்றுவித்த அமெரிக்க ஆய்வொன்று 2025-இல் வெளியானது. ஓராண்டுக்குப்பின் வலி குறைந்திருந்தது. ஒருவருக்கு நன்மை செய்யும் கோணம் மற்றொருவருக்குச் சுமையைக் கூட்டிவிடும் என்பதால், காணொளி பார்த்துத் தாமாக முயல வேண்டாம்.

வீட்டுப் பழக்கங்களில் மாடிப்படிக்கு ஒரே விதி: ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது வலிக்கும் கால் முன்னே, கை எப்போதும் கைப்பிடியில். குந்தி உட்காருவதையும் தாழ்வான முக்காலியையும் தவிர்த்து, கழிவறையில் உயரமான இருக்கைக்கு மாறலாம். நடப்பதை மட்டும் நிறுத்தக் கூடாது. குருத்தெலும்புக்கு இரத்தக்குழாய் கிடையாது. அழுந்தி விடுபடும்போது மூட்டுநீர் உள்ளே சென்று வருவதுதான் அதற்கு உணவு.

படி 7: காத்திருக்கக் கூடாத அறிகுறிகளை அறிந்திருங்கள்

முழங்கால் சிவந்து சூடாக வீங்கிக் காய்ச்சலும் வந்தால், கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தால், விழுந்தபின் காலூன்ற முடியாவிட்டால் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மூட்டு பூட்டிக்கொள்வது, நடக்கும்போது கால் மடங்கிவிடுவது, ஓய்விலும் இரவிலும் விடாத வலி ஆகியவற்றுக்கு எலும்பு மருத்துவரின் ஆலோசனை தேவை. எக்ஸ்ரேயில் தெரியும் தேய்மானத்தின் அளவும் நடையின் தரமும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. ஆகவே உங்கள் பதிவுகளையும் ஐந்தாம் படியின் எண்களையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.

படி 8: பன்னிரண்டு வாரம் கழித்து மீண்டும் அளவெடுங்கள்

அதே கோடுகள், அதே செருப்பு, நாளின் அதே நேரம். வேகத்தில் நொடிக்கு 0.1 மீட்டர் கூடியிருந்தால் அதை உண்மையான முன்னேற்றமாக எடுத்துக்கொள்ளலாம். அதற்குக் குறைந்த வேறுபாடு அன்றைய உடல்நிலையாலும் வரக்கூடும். பெரியம்மா இம்முறை 4 மீட்டரை 4.7 நொடியில் கடந்தார், 0.85. முழங்காலின் துள்ளல் அப்படியே இருக்கிறது, வலியும் முழுதாகப் போய்விடவில்லை. தடி இடது கைக்கு மாறிவிட்டது. புதிய வலது செருப்பின் வெளி ஓரத்தை மாதமொருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.